வாலில் இருப்பது தலைக்கு வரும்: ஆங்கில வாக்கியம் கூடும் விதம்

கோவை காந்திபுரத்தில் நின்று பார்த்தாலும் சரி, ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தாலும் சரி, ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே போனால் இரண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சி, “கிராமரே வேண்டாமுங்க, தைரியமாப் பேசுங்க, தானா வந்துரும்” என்று சொல்லும். இன்னொரு கட்சி எட்டு வகைச் சொற்களின் பெயரையும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும். நவுன், ப்ரோநவுன், வெர்ப், ப்ரிபொசிஷன் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், ஐந்து உதாரணம், அத்தோடு பாடம் முடிந்தது.

பட்டியலில் பிழையில்லை. ஆனால் ஒரு மோட்டாரின் பாகங்களுக்குப் பெயர் தெரிந்துவிட்டால் மோட்டார் ஓடும் விதம் தெரிந்துவிடாது. ப்ரிபொசிஷன் என்றால் என்ன என்று கேட்டால் டக்கென்று சொல்லும் பிள்ளை அடுத்த நிமிடமே “வி டிஸ்கஸ்ட் அபவுட் த பிராப்ளம்” என்று எழுதுகிறது. திருப்பூரில் வெளிநாட்டு பையர்களுக்கு (சரக்கு வாங்குகிறவர்களுக்கு) மெயில் அனுப்பும் மெர்ச்சண்டைசர்களைப் பாருங்கள். அவர்களுக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. ஷிப்மென்ட், இன்ஸ்பெக்ஷன், ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு) எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். அவர்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் டு, ஃபார், இட், பிகாஸ் மாதிரியான குட்டிச் சொற்களில்தான்.

அந்தக் குட்டிச் சொற்கள் செய்யும் வேலையைத் தமிழில் யார் செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லேபிள் ஒட்டிய பெட்டி, ஒட்டாத பெட்டி

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரித் தொழில் தெரியாத வீடு குறைவு. பார்சல் லாரியில் பெட்டி ஏற்ற இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் யாருக்கு, எந்த ஊருக்கு என்று லேபிள் ஒட்டிவிட்டால் எந்தப் பெட்டியை எங்கே வைத்தாலும் பரவாயில்லை. இறக்குகிறவர் லேபிளைப் படித்து இறக்கிவிடுவார். லேபிளே ஒட்டவில்லை என்றால் வரிசைதான் கணக்கு. முதலில் இறங்க வேண்டியது கதவோரம், கடைசியில் இறங்க வேண்டியது உள்ளே. நடுவில் யாராவது இரண்டு பெட்டியை மாற்றி வைத்தால் பவானிக்குப் போக வேண்டியது கோபியில் இறங்கிவிடும்.

தமிழ், லேபிள் ஒட்டிய பெட்டி. “காளை கந்தசாமியை முட்டுச்சு” என்றாலும், “கந்தசாமியைக் காளை முட்டுச்சு” என்றாலும், பதற்றத்தில் “முட்டிருச்சுங்க காளை, கந்தசாமியை!” என்றாலும் அடி வாங்கியது கந்தசாமிதான். அவர் பேரோடு ஒட்டியிருக்கும் ‘ஐ’ அதைச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலம், ஒட்டாத பெட்டி. “த புல் ஹிட் கந்தசாமி” என்றால் காளை முட்டியது. அதே சொற்களை இடம் மாற்றி “கந்தசாமி ஹிட் த புல்” என்றால் கந்தசாமி காளையை அடித்துவிட்டார். ஒரு எழுத்துகூட மாறவில்லை, இடம்தான் மாறியது. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் பட்டவர்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் லேபிள் ஒட்டிய மொழிதான். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு நம் வேற்றுமை உருபு போன்ற விகுதிகள் இருந்தன. சொல்லின் முன்பகுதியை அழுத்திச் சொல்லும் பழக்கத்தில் கடைசி அசைகள் மங்கி, அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்துபோயின. அவை செய்த வேலையை வரிசையும் தனிச் சொற்களும் எடுத்துக்கொண்டன.

ஒரே விதி, நாலு இடம்

இப்போது நான்கு ஜோடிகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வந்தேன்: ஐ கேம்.
அனுப்ப முடியும்: கேன் சென்ட்.
ஈரோட்டுக்கு: டு ஈரோடு.
மழை பெஞ்சா: இஃப் இட் ரெய்ன்ஸ்.

‘வந்தேன்’ என்பதன் கடைசியில் இருக்கும் ‘ஏன்’தான் ஆங்கிலத்தில் முன்னால் ‘ஐ’ என்று தனியாக நிற்கிறது. (இந்த ஐ, ‘நான்’ என்னும் ஆங்கிலச் சொல். கந்தசாமியோடு ஒட்டிய ஐ வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதற்கு நான் பொறுப்பில்லை.) ‘முடியும்’ வினைக்குப் பின்னால் வருகிறது, ‘கேன்’ முன்னால் வருகிறது. ‘க்கு’ ஊர்ப்பெயரின் வாலில் ஒட்டுகிறது, ‘டு’ ஊர்ப்பெயருக்குத் தலையில் நிற்கிறது. ‘பெஞ்சா’வில் கடைசியாக ஒலிக்கும் ‘ஆ’தான் அங்கே வாக்கியத்தையே தொடங்கிவைக்கும் ‘இஃப்’.

ஆக ப்ரோநவுன், துணை வெர்ப், ப்ரிபொசிஷன், கன்ஜங்ஷன் என்று நான்கு தனித்தனிப் பாடமாக நடத்தப்படுவதெல்லாம் அடியில் ஒரே சங்கதி. தமிழ் எதை வாலில் ஒட்டுகிறதோ, அதை ஆங்கிலம் பிய்த்து எடுத்துத் தலையில் தனியாக வைக்கிறது.

இது நம் இரண்டு மொழிக்கும் இடையே மட்டும் உள்ள விசேஷமும் அல்ல. ஜோசப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1963-இல் 30 மொழிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள், இடத்தைக் காட்டும் சொல்லையும் பெயருக்குப் பின்னால்தான் பெரும்பாலும் வைக்கின்றன என்பது அதில் அவர் கண்ட விஷயங்களில் ஒன்று. தமிழ் அப்படி, ஜப்பானியம் அப்படி, துருக்கியும் அப்படி. பனியன் கம்பெனியில் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் பீகார்த் தம்பியின் ஹிந்தியும் இந்த விஷயத்தில் நம் கட்சிதான். ‘வீட்டில்’ என்பதற்கு அவர் ‘கர் மே’ என்பார். வீடு முதலில், ‘இல்’ பிறகு. ஆங்கிலத்தில் ‘இன் த ஹவுஸ்’. அவரும் நாமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவது அதனால்தான்.

இனி அந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். நான்குக்கும் சம அளவு இடம் கொடுக்கப்போவதில்லை. நம் ஆட்களுக்குத் தொல்லை கொடுக்கும் அளவுக்குத் தகுந்தபடி.

ப்ரோநவுன்: காலியாக விடக்கூடாத நாற்காலி

ஒரு பேருக்குப் பதிலாக நிற்கும் சொல் ப்ரோநவுன்: நான், நீ, அவர், அது. தமிழில் இதைச் சொல்லாமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். “எப்ப வந்தீங்க?” “நேத்தே வந்துட்டனுங்க.” இரண்டு பேரும் நான், நீங்கள் என்று வாயே திறக்கவில்லை. வினையின் வாலே ஆள் யார் என்று சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற சொல்லைத் தனியாகப் பார்த்தால் யார் வந்தது என்று தெரியாது. ஐ கேம், யூ கேம், ஹி கேம், தே கேம் என்று நால்வருக்கும் ஒரே ‘கேம்’தான். அதனால் வினைக்கு முன்னால் உள்ள நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். “வந்துட்டேன்” என்பதற்கு “கேம்” என்று மட்டும் சொன்னால் வாக்கியம் நிற்காது.

உட்கார ஆளே இல்லாவிட்டாலும் ஒரு பொம்மையையாவது உட்காரவைக்கிறார்கள். “லேட்டாயிருச்சு” என்பதற்கு “இட் இஸ் லேட்”. எது லேட்? எதுவுமில்லை. அந்த ‘இட்’டுக்கு அர்த்தம் தேடாதீர்கள். இடம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். “கரண்டு இல்லை” என்பதற்கு “தேர் இஸ் நோ பவர்” என்று வரும் ‘தேர்’ என்ற சொல்லும் அந்த நாற்காலிப் பொம்மைதான். ‘அங்கே’ என்று அதற்கு அர்த்தம் எடுத்தால் வழி தவறும்.

நம்மவர்கள் அதிகம் சிக்கும் இடம் ‘எனக்கு’. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்குது, எனக்குக் காய்ச்சல், எனக்கு ரெண்டு பசங்க, எனக்கு வேணும், எனக்குப் பிடிக்கும், என்னால முடியாது. தமிழில் இங்கெல்லாம் ‘நான்’ என்று வருவதே இல்லை. தெரிவது, பசிப்பது, பிடிப்பது எல்லாம் நாமாகச் செய்கிற வேலை அல்ல, நம்மிடம் வந்து சேர்கிறவை என்று தமிழ் பார்க்கிறது. அதனால் ‘க்கு’ போட்டு நம்மைப் பெறுகிறவராக நிறுத்துகிறது. ஆங்கிலத்துக்கு அந்த நாற்காலியில் ஆள் வேண்டும். யாருக்கு அது நேர்ந்ததோ அவரையே பிடித்து உட்காரவைத்துவிடும்: ஐ நோ, ஐ ஆம் ஹங்கிரி, ஐ ஹேவ் எ ஃபீவர், ஐ ஹேவ் டூ சன்ஸ், ஐ வான்ட் இட், ஐ லைக் இட், ஐ கான்ட். ஏழுக்கும் தொடக்கம் ‘ஐ’. “டு மி” என்று ஆரம்பிக்கத் தோன்றினால் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேபிளெல்லாம் உதிர்ந்துவிட்டது என்றேன். ப்ரோநவுனில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வினைக்கு முன் ஐ, ஹி, ஷி, வி, தே. வினைக்குப் பின்னாலோ ப்ரிபொசிஷனுக்குப் பின்னாலோ மி, ஹிம், ஹெர், அஸ், தெம். “கம் வித் ஐ” என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்தவுடன் “கம் வித் மை பிரதர் அண்ட் ஐ” என்று நழுவிவிடுகிறது. அதுவும் ‘மி’தான்.

மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்குப் பேச்சில் ‘ங்க’ ஒட்டாத வாக்கியம் வாயில் வராது. சரிங்க, இல்லீங்க, ஏனுங்க. ஆங்கிலத்தில் அதை ஒட்ட இடமே இல்லை. ‘யூ’ என்பதே முதலில் பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்த சொல். ‘நீ’ என்பதற்கு ‘தௌ’ என்று தனியே ஒன்று இருந்து, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தது. ஆக இன்றைக்கு எல்லாரும் ‘நீங்க’தான்! மேற்கொண்டு பணிவு காட்ட வேண்டுமானால் குட் யூ, ப்ளீஸ் என்று வேறு இடத்தில் காட்ட வேண்டும்.

சுருக்கமாக: தமிழ் வினை ஆளைத் தன் வாலில் சுமக்கிறது. ஆங்கில வினை பெரும்பாலும் சுமப்பதில்லை. எனவே முன்னால் ஆள் கட்டாயம்.

வெர்ப்: காலத்தை ஒருவர்தான் தூக்குவார்

என்ன நடந்தது, என்ன நிலை என்று சொல்லும் சொல் வெர்ப், அதாவது வினை. தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். “அவரு டாக்டருங்க.” “இது எங்க தோட்டம்.” ஆங்கிலத்தில் முடியாது. ஹி இஸ் எ டாக்டர், திஸ் இஸ் அவர் ஃபார்ம். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் எல்லாம் இந்த இடத்தை நிரப்ப வருகிறவை.

வினைக்குக் கை கொடுக்க வரும் சொல் துணை வினை. இங்கே முன்பு பார்த்த வால்–தலை விதி அழகாக வேலை செய்வதைக் கிட்டத்தில் பார்க்கலாம். “அனுப்பிக்கிட்டு இருந்திருப்பாங்க” என்ற நம் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். ‘ஆங்க’ என்பது தே. அதற்கு முன்னால் உள்ள எதிர்கால ‘ப்ப்’ என்பது வில். அதற்கு முன்னால் உள்ள ‘இரு’ ஹேவ். அதற்கும் முன்னால் உள்ள ‘இருந்து’ பீன். கடைசியாக ‘அனுப்பிக்கிட்டு’ என்பது சென்டிங். சேர்த்தால் “தே வில் ஹேவ் பீன் சென்டிங்”. இவ்வளவு நீளமான ஆங்கில வினையைப் பார்த்து மிரள்கிறவர்கள், அதைவிடச் சிக்கலானதைத் தினமும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ‘இங்’ மட்டும் அங்கேயும் வாலிலேயே நின்றுவிட்டது. எந்த மொழியும் முழு ஒழுங்காக இருப்பதில்லை.

இந்த வரிசையில் காலத்தைத் தூக்குகிறவர் முதலில் நிற்பவர் மட்டும்தான். “ஹி டிட் நாட் வென்ட்” தவறாவது அதனால்தான். ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது. பின்னால் வருகிறவர் வெறுமனே ‘கோ’ என்று நின்றால் போதும். தமிழிலும் “போகல” என்கிறோமே தவிர “போனான்இல்லை” என்று சொல்வதில்லை. ‘போக’ என்பதில் காலம் கிடையாது.

கேள்வி கேட்பதும் இதே கணக்கு. “வர்றீங்களா?” என்பதில் கேள்வி கடைசி ‘ஆ’வில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது தலைக்குப் போக வேண்டும். துணை வினை எழுந்து ப்ரோநவுனைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறது: ஆர் யூ கமிங்? துணை வினை இல்லாத வாக்கியத்தில் தாண்ட ஆள் இல்லாததால் ‘டூ’ என்று ஒன்றை வரவழைக்கிறார்கள்: டூ யூ வான்ட் டீ? “யூ வான்ட் டீ-யா?” என்று நம் வாலை அங்கே ஒட்டிக் கேட்பதும் ஊரில் நடக்கிறது, டீயும் வந்துவிடுகிறது. அது வேறு விஷயம்.

ப்ரிபொசிஷன்: ஒரு ‘க்கு’, பல சொற்கள்

பெயருக்கு முன்னால் நின்று, அந்தப் பெயருக்கு வாக்கியத்தில் என்ன உறவு என்று சொல்வது ப்ரிபொசிஷன். நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையில் பெரும்பகுதியை இதுதான் செய்கிறது. இல்லை என்றால் வேலை நின்றுபோகும்.

சிக்கல் எங்கே என்றால், ஓர் உருபுக்கு ஒரு ப்ரிபொசிஷன் என்று கணக்குப் போட முடியாது. “நோம்பிக்கு ஊருக்குப் போய் அம்மாவுக்குச் சீலை வாங்கிக் குடுத்துட்டு, ஒம்பது மணிக்குத் திரும்பினேன்.” இதில் நாலு ‘க்கு’. ஊருக்கு என்பது டு, போய்ச்சேரும் இடம். அம்மாவுக்கு என்பது ஃபார், யாருக்காக. ஒம்பது மணிக்கு என்பது அட், நேரத்தில் ஒரு புள்ளி. நோம்பிக்கு (பண்டிகைக்கு) என்பதும் ஃபார்தான், எதை முன்னிட்டு. தமிழ் ஒரே லேபிளில் அடக்கியதை ஆங்கிலம் பிரித்துக் கேட்கிறது. எனவே ‘க்கு’வை மொழிபெயர்க்க முயல வேண்டாம். இந்தக் ‘க்கு’ என்ன சொல்கிறது என்று கேளுங்கள்: இடமா, ஆளா, நேரமா, காரணமா?

‘இல்’ என்பதும் இப்படித்தான் மூன்றாகப் பிரியும். ஆங்கிலம் இடத்தைப் புள்ளியாகப் பார்த்தால் அட், பரப்பாகவோ கோடாகவோ பார்த்தால் ஆன், சுற்றி எல்லை உள்ளதாகப் பார்த்தால் இன். கோயம்புத்தூரில் என்றால் இன் கோயம்புத்தூர். அவினாசி ரோட்டில் டிராஃபிக் என்றால் ஆன் அவினாசி ரோடு. காந்திபுரம் இரண்டு விதமாகவும் வரும். பஸ் நின்று போகும் இடமாக நினைத்தால் அட், குடியிருக்கும் ஏரியாவாக நினைத்தால் இன். இடம் மாறவில்லை, நாம் அதைப் பார்க்கும் தூரம்தான் மாறியது. நேரத்துக்கும் அதே பார்வைதான்: 10 மணிக்கு அட், திங்கட்கிழமைக்கு ஆன், மார்ச் மாதத்துக்கு இன்.

காரில் என்றால் இன் த கார், பஸ்ஸில் என்றால் ஆன் த பஸ். காரணம் கேட்டால் திட்டவட்டமாக யாரும் சொல்லமாட்டார்கள். உள்ளே எழுந்து நடமாட முடிகிற வண்டிக்கு ஆன், குனிந்து ஏறி உட்கார்ந்தே போகிற வண்டிக்கு இன் என்று வைத்துக்கொண்டால் பஸ், ரயில், விமானம், கார், ஆட்டோ எல்லாம் சரியாக வரும்.

இன்னொரு விஷயம், இதுதான் பலர் கவனிக்காதது. எந்த ப்ரிபொசிஷன் என்பதைப் பல நேரம் முடிவு செய்வது பெயர் அல்ல, வினை. ‘கம்’ என்ற வினைக்கு ‘டு’ வேண்டும்: ஐ கேம் டு ஈரோடு. ‘ரீச்’ என்ற வினைக்கு எதுவும் வேண்டாம்: ஐ ரீச்ட் ஈரோடு. “ரீச்ட் டு ஈரோடு” தப்பு. அநியாயமாகத் தோன்றுகிறதா? தமிழைப் பாருங்கள். ஈரோட்டுக்கு வந்தேன், ஈரோட்டை அடைந்தேன். ‘வா’ என்ற வினை ‘க்கு’ கேட்கிறது, ‘அடை’ என்ற வினை ‘ஐ’ கேட்கிறது. “ஈரோட்டுக்கு அடைந்தேன்” என்று சொன்னால் நமக்கே காது கூசும். ஆங்கிலக்காரருக்கு “ரீச்ட் டு” கேட்கும்போது அந்தக் கூச்சம்தான்.

‘டிஸ்கஸ்’ அப்படித்தான், பின்னால் அபவுட் வராது. ‘டாக்’குக்கு அபவுட் வரும். ‘வெயிட்’டுக்கு ஃபார், ‘லிஸன்’னுக்கு டு, ‘டிபெண்ட்’டுக்கு ஆன். எனவே வினையைத் தனியாகப் படிக்காமல் அதன் ப்ரிபொசிஷனோடு சேர்த்துப் படித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ‘வெயிட்’ என்று ஒரு சொல் இல்லை, ‘வெயிட் ஃபார்’ என்றே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ப்ரிபொசிஷன்களை மட்டும் தனிப் பட்டியலாகப் போட்டு விற்கும் புத்தகங்களால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

கன்ஜங்ஷன்: ஆளையும் வினையையும் கூடவே கேட்கும் சொல்

இரண்டு சொற்களையோ இரண்டு வாக்கியங்களையோ இணைப்பது கன்ஜங்ஷன். இதில் இரண்டு சாதி. அண்ட், பட், ஆர், சோ போன்றவை இரண்டு பக்கத்தையும் சமமாக இணைக்கும். பிகாஸ், இஃப், வென், ஆல்தோ போன்றவை ஒரு வாக்கியத்தை இன்னொன்றின்மேல் சாயவைக்கும். “இஃப் இட் ரெய்ன்ஸ்” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர், “பெய்தால்? மேலே சொல்லுங்க” என்று காத்திருப்பார்.

தமிழில் கதை சொல்லும்போது நாம் இவற்றைத் தேடுவதே இல்லை. “வெடியால எந்திரிச்சு, காப்பி குடிச்சு, மஞ்சளை வண்டியில ஏத்தி, ஈரோட்டுக்குக் கொண்டுபோய், வித்துட்டு வந்தேன்.” முழு வினை ஒன்றே ஒன்று, கடைசி ‘வந்தேன்’. மற்றதெல்லாம் எச்சம், அதாவது முடியாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்கும் வினை. காலமும் ஆளும் கடைசியில் ஒரே ஒரு முறை வருகின்றன. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் தன் இறந்தகாலத்தைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்: ஐ காட் அப், ட்ராங்க் காஃபி, லோடட் த டர்மெரிக், டுக் இட் டு ஈரோடு, சோல்டு இட் அண்ட் கேம் பேக். ‘அண்ட்’ கடைசிக்கு முன்னால் ஒரே முறை. ஒவ்வொரு ‘எந்திரிச்சு’, ‘குடிச்சு’வுக்கும் ஒரு ‘அண்ட்’ போட்டால் வண்டி நகராது.

“வந்தா சொல்றேன்.” இந்த இரண்டு சொல்லை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘ஆ’ என்ற வால் ‘இஃப்’ ஆகித் தலைக்குப் போகிறது. போனவுடன் அது தனக்கு ஓர் ஆளையும் முழு வினையையும் கேட்கிறது. யார் வந்தால்? ஹி கம்ஸ். யார் சொல்வது? ஐ. யாரிடம்? யூ. “இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் யூ.” தமிழில் ஒரு ப்ரோநவுன்கூட இல்லாத இடத்தில் ஆங்கிலத்தில் மூன்று வந்துவிட்டன. இந்தச் சங்கதிகள் தனித்தனியே வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

‘ஆல்’ விஷயத்தில் கவனம் வேண்டும். மழையால், மழை பெய்ததால் என்று இரண்டிலும் நாம் ஒரே ‘ஆல்’ போடுகிறோம். ஆங்கிலம் இங்கே பிரித்துக் கேட்கும். பின்னால் வருவது வெறும் பெயர் என்றால் ப்ரிபொசிஷன்: பிகாஸ் ஆஃப் த ரெய்ன். ஆளும் வினையும் உள்ள வாக்கியம் என்றால் கன்ஜங்ஷன்: பிகாஸ் இட் ரெய்ன்ட். “பிகாஸ் ஆஃப் இட் ரெய்ன்ட்” என்று எழுதுவது இரண்டையும் ஒன்றாக ஒட்டுவதால் வரும் தவறு.

“ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் த மார்க்கெட் வாஸ் ஓப்பன்” என்பதும் அடிக்கடி கேட்பது. “மழை பெஞ்சாலும் மார்க்கெட் இருந்துச்சு” என்று தமிழில் ஒரு ‘ஆலும்’ போதும் என்று விட்டுவிடுகிறோம். அங்கேயும் ஒன்று போதும். ஆல்தோ போட்டால் பட் வேண்டாம், பட் போட்டால் ஆல்தோ வேண்டாம்.

ஒரு மெசேஜைப் பிரித்துப் பார்ப்போம்

திருப்பூரில் எந்த ஆபீஸிலும் வரக்கூடிய ஒரு வாக்கியம்:

“நேத்து ராத்திரி கரண்டு இல்லாததால உங்க சாம்பிளை அனுப்ப முடியலைங்க.”

முதலில் கடைசிக்குப் போவோம். ‘ங்க’வுக்கு ஆங்கிலத்தில் வால் இல்லை. எனவே தலையில் “சாரி” என்று போட்டுக்கொள்ளலாம். ‘முடியலை’ என்பது குட் நாட். யாருக்கு முடியவில்லை? தமிழில் சொல்லவே இல்லை. நாற்காலி காலியாக இருக்கக்கூடாது, ‘வி’ வருகிறது. ‘அனுப்ப’ என்பது சென்ட். காலத்தைக் ‘குட்’ தூக்கிவிட்டதால் இது வெறுமனே நிற்கிறது. ‘உங்க சாம்பிளை’ என்பது யுவர் சாம்பிள். ‘ஐ’ போய்விட்டது, வினைக்குப் பின்னால் நிற்பதே அதற்கு அடையாளம். இதுவரை: சாரி, வி குட் நாட் சென்ட் யுவர் சாம்பிள்.

அடுத்து ‘இல்லாததால’. வாலில் உள்ள ‘ஆல்’ பிகாஸ் ஆகித் தலைக்கு வருகிறது. பின்னால் வருவது முழு வாக்கியம், எனவே ‘ஆஃப்’ கிடையாது. அதற்குள்ளும் ஒரு நாற்காலி, அதில் ‘தேர்’ என்ற பொம்மை: பிகாஸ் தேர் வாஸ் நோ பவர்.

மிச்சம் ‘நேத்து ராத்திரி’. லாஸ்ட் நைட் என்பதற்கு முன்னால் ப்ரிபொசிஷன் வேண்டாம். ஆனால் அதை எங்கே வைப்பது? தமிழ் வாக்கியத்தில் அது முதலிலேயே வந்துவிட்டதால், கரண்டு இல்லாதது ராத்திரியா, அனுப்ப முடியாதது ராத்திரியா என்று நாம் யோசிப்பதில்லை. ஆங்கிலத்தில் இடம்தான் கணக்கு என்பதால் ஏதாவது ஒரு பக்கம் முடிவு செய்தாக வேண்டும்.

“வி குட் நாட் சென்ட் யுவர் சாம்பிள் லாஸ்ட் நைட் பிகாஸ் தேர் வாஸ் நோ பவர்” என்றால், ராத்திரி அனுப்ப வேண்டியது போகவில்லை. “வி குட் நாட் சென்ட் யுவர் சாம்பிள் பிகாஸ் தேர் வாஸ் நோ பவர் லாஸ்ட் நைட்” என்றால், ராத்திரி கரண்டு இல்லை, அதனால் சாம்பிள் இன்னும் போகவில்லை. முதலாவதைப் படிக்கும் பையர் “சரி, காலையில் அனுப்பியிருப்பீர்களே, கூரியர் நம்பர் கொடுங்கள்” என்பார். இரண்டாவதைப் படிப்பவர் “அப்படியானால் எப்போது அனுப்புவீர்கள்?” என்று கேட்பார்.